சல்லடை கேட்டு வந்தவள்

மார்ச் 5, செவ்வாய்

அக்காவின் எடை இன்று ஐம்பத்தாறு கிலோ நானூறு கிராம். இருக்க வேண்டியது ஐம்பத்து நான்கு. சனிக்கிழமைக்கும் இன்றைக்கும் நடுவில் உடம்பில் தங்கிய தண்ணீர் இரண்டு கிலோ நானூறு. எடை பார்க்கும் நர்ஸை டயாலிசிஸ் வார்டில் எல்லோரும் 'தராசு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளும் திரும்பிப் பார்க்கிறாள். "என்னம்மா, குடத்தையே கவுத்துட்டீங்களா?" என்று கேட்டாள். அக்கா இறங்கிக் கட்டிலுக்குப் போய்விட்டாள். வழக்கமாக ஏதாவது திருப்பிக் கொடுப்பாள்.

ஆறு கட்டில், ஆறு மெஷின். ஒவ்வொன்றிலும் ஒருவருடைய ரத்தம் வெளியே போய்ச் சுற்றிவிட்டு உள்ளே வருகிறது. நான்கு மணி நேரம். வாரத்தில் மூன்று நாள். ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது.

திரும்பும் வழியில் காரில் சொன்னாள்: "இதோட போதும்டி."

எது என்று கேட்டேன்.

"இந்த ஊசி, மெஷின் எல்லாம். நிறுத்திக்கலாம்னு இருக்கேன்."

பால்காரரிடம் நாளையிலிருந்து அரை லிட்டர் போதும் என்று சொல்கிற குரல். நான் கியர் மாற்ற மறந்துவிட்டேன். வண்டி திணறி நின்றது.

மார்ச் 6, புதன்

டாக்டரைத் தனியாகப் பார்த்தேன். நிறுத்தினால் பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம் என்றார். "அவங்க முடிவு அவங்க உரிமை. ஆனா களைப்புல எடுக்கறாங்களா, யோசிச்சு எடுக்கறாங்களா? அதை நீங்கதான் பார்க்கணும்."

குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். முப்பத்தாறு வருடப் பழக்கம், யார் எதைச் சொன்னாலும் கை தானாக எழுதுகிறது. பத்திரிகையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. கைக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மறுதரப்பையும் கேட்டேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு நாள் மெஷின். மூணு நாள் மெஷின் குடுத்த களைப்பு. மிச்சம் திங்கக்கிழமை. ஒரு திங்கக்கிழமைக்காக ஒருத்தி உயிரோட இருக்கணுமா?"

குறிப்பேட்டில் கேள்வியை எழுதி, கீழே ஒரு வரி காலியாக விட்டேன்.

மார்ச் 7, வியாழன்

ஒரு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது.

காலையில் அலமாரியின் மேலே போர்வை எடுக்கப் போனபோது அத்தானின் பழைய நாவல் ஒன்று கையில் சிக்கியது. அட்டை போய்விட்டது, முதல் தாளும் போய்விட்டது. பெயர் இல்லை, எழுதியவர் யார் என்பதும் இல்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். சுண்ணாம்பு சுடும் காளவாசலில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் கதை. அத்தான் உயிரோடு இருந்தபோது இதை வருடத்துக்கு ஒரு தடவை வாசித்து, வருடத்துக்கு ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொள்வாராம். அக்கா இதைத் தொட்டதில்லை. "நான் கேக்காத அழுகையா? இருபத்தெட்டு வருஷம் ஹெட்போன் மாட்டிக் கேட்டேனே" என்பாள். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். மரணச் செய்தி எல்லாம் அவள் காது வழியாகத்தான் அடுத்த ஊருக்குப் போகும்.

"இதை வார்டுல வாசிச்சுக் காட்டறேன். இது முடியற வரைக்கும் வா" என்றேன்.

புத்தகத்தின் கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்தாள். "முடிஞ்சதும் நீ என்னை ஒரு கேள்வி கேக்கக் கூடாது."

"சரி."

"அழுது மறிக்கக் கூடாது."

"சரி."

இன்று முப்பத்தாறு பக்கம் வாசித்தேன். அப்படியானால் பதினேழு தடவை. ஏப்ரல் 13-இல் முடியும்.

மார்ச் 12, செவ்வாய்

நான் வாசிப்பது வார்டு முழுக்கக் கேட்கிறது. அக்காவின் இடப்பக்கக் கட்டிலில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் இருக்கிறார். "சத்தமா வாசிங்கம்மா, பின் சீட்டுக்குக் கேக்கல" என்று குரல் கொடுத்தது அவர்தான். கதாநாயகிக்கு 'சுண்ணாம்புக்காரி' என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

சுண்ணாம்புக்காரியின் புருஷன் முதல் அத்தியாயத்திலேயே ஓடிவிட்டான். மாமியாருக்குக் கண் தெரியாது. நான்கு வயதில் ஒரு பையன், கைக்குழந்தை ஒன்று. மழை இல்லை. மேஸ்திரி கெட்டவன். ஐந்தாம் அத்தியாயத்தில் பையனின் கால் வெந்துபோகிறது. இந்த ஆசிரியருக்கு இரக்கமே கிடையாதா? இப்படி ஒரு செய்தியை நான் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் எங்கள் செய்தி ஆசிரியர், "நம்புற மாதிரி இல்ல, ரெண்டு கஷ்டத்தை எடு" என்றிருப்பார்.

இன்று இரண்டு கஷ்டத்தை எடுத்தேன். பையனின் கால் பற்றி மூன்று பக்கம் இருந்தது, ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டேன். வெட்டிய இடம் தெரியாமல் ஒட்டவைப்பது என் தொழில்.

மார்ச் 16, சனி

எடை ஐம்பத்தாறு இருநூறு. மூன்றாவது மணியில் அக்காவுக்குக் காலில் நரம்பு இழுத்துக்கொண்டது. தராசு வந்து பாதத்தைப் பிடித்து மேலே வளைத்தாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "நீ நிறுத்தாத, வாசி" என்றாள். சுண்ணாம்புக்காரி அப்போது மூட்டை சுமந்துகொண்டிருந்தாள். மேஸ்திரி எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்கிறான்.

"பொய் சொல்றான் படுபாவி, பதினொண்ணு தூக்கியிருக்கா. நான் எண்ணிக்கிட்டே வர்றேன்" என்றார் கண்டக்டர்.

அக்கா, வலியோடு, சிரித்தாள். ஆறு வாரத்துக்குப் பிறகு இன்றுதான்.

மார்ச் 20, புதன்

நாளை வாசிக்க வேண்டியதை இன்றே பார்த்து வைத்துக்கொள்கிறேன். பதினான்காம் அத்தியாயம். பக்கம் 239-இலிருந்து 252 வரை.

கைக்குழந்தை செத்துப்போகிறது.

இதை வாசிக்க முடியாது. அக்காவுக்கு — இந்த டைரியில்கூட நான் இதை எழுதியதில்லை. அக்காவுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்து பதினோரு வாரம் இருந்தது. முப்பத்தாறு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அவளும் அத்தானும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. எனக்கு அப்போது இருபத்தொரு வயது. பத்திரிகையில் சேர்ந்து நான்காவது மாதம்.

நாளை 238-இலிருந்து நேரே 253-க்குப் போய்விடுவேன். நடுவில் ஒரு வாக்கியம்கூட வேண்டாம்.

மார்ச் 21, வியாழன்

போய்விட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

மார்ச் 23, சனி

தெரிந்துவிட்டது.

ஒழுங்காக எழுத வேண்டும். எந்த வரிசையில் நடந்ததோ அந்த வரிசையில்.

இரண்டாவது மணியின் நடுவில் கண்டக்டர் சொன்னார்: "அம்மா, ஒரு சந்தேகம். பதிமூணாம் அத்தியாயத்துல ஒரு பாப்பா வண்டியில இருந்துச்சு. இறங்கினதை நான் பார்க்கலையே?"

"தூங்கிட்டிருக்கும்" என்றேன்.

"ரெண்டு நாளாவா?"

சிரித்துச் சமாளித்துவிட்டு வேகமாக அடுத்த பக்கத்துக்குப் போனேன். அங்கே ஒரு வரி இருந்தது. அதை நேற்று பார்க்கவே இல்லை. பதினான்காம் அத்தியாயம் போய்விட்டது, கண்டம் தாண்டிவிட்டது என்று அசட்டையாக இருந்துவிட்டேன். வாசித்துக்கொண்டிருக்கும்போது வாய் நிற்காது. வாசித்துவிட்டேன்: 'ஈரத் துணியை மார்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள்.'

வேறு ஒன்றும் இல்லை. அடுத்த வரி மூட்டையைப் பற்றியது.

"நிறுத்து" என்றாள் அக்கா.

நிறுத்தினேன்.

"குழந்தை எங்கடி?"

நான் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பால் கட்டிக்கிட்டா அப்படித்தான் துணி கட்டுவாங்க. குழந்தை இருந்தா எதுக்குக் கட்டறா? எங்கடி அது?"

மெஷின் சத்தம் போட ஆரம்பித்தது. தராசு ஓடி வந்தாள். ரத்த அழுத்தம் நூற்றெழுபது. "என்ன கதை வாசிக்கறீங்க நீங்க?" என்று என்னைத் திட்டினாள். நியாயமான கேள்வி.

வீட்டுப் படி ஏறும்போது அக்கா கேட்டாள்: "இதுவரைக்கும் எத்தனை பக்கம் வெட்டினே?"

குறிப்பேட்டில் இருந்தது. முப்பத்தைந்து.

ஒரு நாளைக்கு நான் வாசிப்பது முப்பத்தாறு. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவளுடைய ஒரு செவ்வாய்க்கிழமையை வெட்டி எறிந்திருக்கிறேன். கணக்கில் புலி என்று பேர்.

மார்ச் 24, ஞாயிறு

காலையில் அவளே வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள். நான் எழுதுவதுபோல் பாவனை செய்தேன்.

"எனக்கு நடந்ததை எனக்குத் தெரியாம மறைக்கறியா நீ?"

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னு —"

"முப்பத்தாறு வருஷமா எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. என் முன்னாடி யாரும் குழந்தை தூக்க மாட்டீங்க, தொட்டில்னு சொல்ல மாட்டீங்க. அவளுக்கு ஒரு பேர் இருந்துச்சு. அந்தப் பேரை ஒருத்தராவது சொன்னீங்களாடி?"

நான் சொல்லவில்லை. நான் அங்கே இருக்கவே இல்லை. ஒரு பாலம் இடிந்து பதினேழு பேர் செத்த இடத்தில் நின்று பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். அக்காவோடு வேலை பார்த்த ஆபரேட்டர்கள்தான் ஊர் ஊராக டிரங்கால் போட்டு என்னைக் கண்டுபிடித்தார்கள். வந்து சேர்ந்தபோது மூன்றாவது நாள்.

"நீ எழுதினதை அன்னிக்கு வாசிச்சேன்" என்றாள். "உன் பேர் போட்டு வந்த முதல் செய்தி. 'இச்சம்பவம் அப்பகுதியில் பெரும் சோகத்தை ஏற்படுத்தியுள்ளது.' எந்தப் பகுதியிலடின்னு நினைச்சுக்கிட்டேன். நம்ம வீட்டுப் பக்கம் வரவே இல்லையே அந்தச் சோகம்."

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. அந்த வாக்கியத்தை எத்தனை தடவை எழுதியிருப்பேன்? தீ விபத்து, லாரி மோதல், குளத்தில் மூழ்கியவர்கள். கடைசிப் பத்தியில் அதைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவேன்.

அப்புறம் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அன்னிக்கு வீடு நிறையக் கூட்டம். எல்லாரும் என் முகத்தையே பார்க்கறாங்க. நான் எப்ப அழுவேன்னு பார்க்கறாங்க. எனக்கு வரல. அப்ப எங்க ஆபீஸ் பியூன் வந்தான். அவனுக்கு விஷயம் தெரியாது. 'அம்மா, ஹெட்போன் அலமாரி சாவி உங்ககிட்டதான் இருக்காம், அங்க ஒரு லைனும் போட முடியல'ன்னான். எல்லாரும் அவனை அடிக்காத குறை. நான் எழுந்திருச்சுப் போய் கைப்பையைத் தேடி, அதுல இல்ல, குடைக்குள்ள இருந்துச்சு, எடுத்துக் குடுத்தேன். 'பெரிய சாவி வலப்பக்கம் சுத்தணும்'னு சொல்லி அனுப்பினேன். அந்த ரெண்டு நிமிஷம் மூச்சு வந்துச்சுடி எனக்கு. அவன் போனப்புறம்தான் அழுதேன்."

மேஜையில் கிடந்த என் பேனாவை எடுத்து மூடினாள்.

"இப்ப என்கிட்ட யாரும் எதையும் கேக்கறதில்ல. எடை மட்டும் கேக்கறாங்க."

எழுந்து போகும்போது சொன்னாள்: "செவ்வாய்க்கிழமை அந்த அத்தியாயத்தை வாசி. வெட்டினது எல்லாத்தையும் வாசி. ஒரு எழுத்து குறையக் கூடாது, நிருபரம்மா."

மார்ச் 26, செவ்வாய்

வாசித்தேன்.

அந்த அத்தியாயத்தில் நான் பயந்தது எதுவும் இல்லை. குழந்தை சாவது நான்கே வாக்கியம். நான்காவதில் விளக்கைப் பெரிதாக்கிப் பார்க்கிறாள், அவ்வளவுதான். புதன்கிழமை முன்கூட்டிப் பார்த்தபோது இந்த நான்கு வாக்கியத்தோடு புத்தகத்தை மூடிவிட்டிருக்கிறேன். மிச்சம் பதின்மூன்று பக்கத்தை நான் வாசிக்கவே இல்லை! வாசிக்காமல் வெட்டியிருக்கிறேன். இருபது வயதுப் பயிற்சி நிருபர் இதைச் செய்திருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

மிச்சம் என்ன? காலையில் பக்கத்து வீட்டுக்காரி வருகிறாள். அவளுக்கு விஷயம் தெரியாது. போன வாரம் கொடுத்த சல்லடையைத் திரும்பக் கேட்டு வருகிறாள். சுண்ணாம்புக்காரி எழுந்து சல்லடையைத் தேடுகிறாள். கதவுக்குப் பின்னால் பார்க்கிறாள், கூரைச் செருகலில் பார்க்கிறாள். கடைசியில் கண் தெரியாத மாமியார் கையால் துழாவி எடுத்துக் கொடுக்கிறாள். சுண்ணாம்புக்காரி தூசியைத் தட்டி நீட்டுகிறாள். வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் வந்தவள் தொட்டிலைப் பார்க்கிறாள். ஓலம் இல்லை, கட்டிப்பிடிப்பது இல்லை. வந்தவள் அந்தச் சல்லடையோடு அங்கேயே உட்கார்ந்து, அன்றைக்கு மேஸ்திரிக்குக் கொடுக்க வேண்டிய சுண்ணாம்பு முழுவதையும் சலித்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள். ஆறு பக்கம் அவள் சலிப்பதுதான். துகள் எப்படி விழுகிறது, எவ்வளவு நேரம், எத்தனை முறம்.

அக்கா அழுதாள். வலது கையால் துடைத்துக்கொண்டாள். இடது கையில் ஊசி. தராசு வந்து மெஷினைப் பார்த்தாள். நூற்று முப்பதுதான். அங்கேயே நின்றாள்.

"சாவி" என்றாள் அக்கா என்னைப் பார்த்து. அவ்வளவுதான் சொன்னாள்.

கண்டக்டர் ரொம்ப நேரம் கழித்து, "இப்பதான் எண்ணிக்கை சரியா இருக்கு" என்றார்.

மார்ச் 27, புதன்

இதை எழுதியவருக்கு இரக்கமில்லை என்று பதினைந்து நாள் முன்பு எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாமா? வேண்டாம், இருக்கட்டும். தவறு நடந்தது தெரிய வேண்டும்.

பாலம் இடிந்த இடத்தில் ஒருவர் என்னிடம் வந்து தன் சைக்கிளைப் பார்த்தீர்களா என்று கேட்டார். அவருடைய தம்பி உள்ளே கிடந்தான். பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன், எழுதவில்லை, கூட நின்று தேடவும் இல்லை. சல்லடை என் கையில்தான் இருந்திருக்கிறது.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஐம்பத்தைந்து அறுநூறு. தண்ணீருக்குப் பதில் ஐஸ் கட்டியை எண்ணி வாயில் போட்டுக்கொள்கிறாள். வெட்டிய பக்கங்களைச் சேர்த்தாயிற்று. அந்தச் சனிக்கிழமை வாசிப்பு பாதியில் நின்றதில் கெடு தள்ளிப்போய்விட்டது. ஏப்ரல் 16.

ஏப்ரல் 4, வியாழன்

எனக்குத் தொண்டை போய்விட்டது. நிஜமாகவே. காற்றுதான் வருகிறது.

வார்டில் சைகையால் சொன்னேன். கண்டக்டர் விடவில்லை. "நடு வழியில வண்டியை நிறுத்துனா எப்படி? ஏம்மா ஆபரேட்டரம்மா, உங்க குரலுக்கு என்ன? ஊரையே இணைச்ச குரலு. லைன் போடுங்க."

"நானா? ஒரு கை கட்டிக்கிடக்கு."

"எனக்கும் ஒரு கை கட்டிக்கிடக்கு. ரெண்டு பேருக்கும் சேர்த்து ரெண்டு கை இருக்குல்ல? நீங்க வாசிங்க, நான் திருப்பறேன்."

சாப்பாட்டு மேஜையை இரண்டு கட்டிலுக்கும் நடுவில் தள்ளி அதன்மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்தேன். அக்கா என்னை முறைத்தாள். "இது நிஜமா தொண்டையா, இல்ல திட்டமா?" வாயைத் திறந்து காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்த தராசு, "நிஜம்தான், சிவந்திருக்கு" என்று சாட்சி சொன்னாள்.

வாசித்தாள். முதல் பக்கத்தில் தடுமாறினாள். இரண்டாம் பக்கத்தில் அந்தக் குரல் வந்துவிட்டது. சின்ன வயதில் நான் தொலைபேசி நிலையத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது கேட்ட குரல். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு எழுத்தும் மறுமுனையில் கேட்கும்படி.

கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற பழக்கத்தில் விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

"எச்சில் தொடாதீங்க!" என்று தராசு கத்தினாள்.

"குடிக்கவே தண்ணி குடுக்க மாட்டேங்கறீங்க, இருக்கற எச்சிலையும் புடுங்கறீங்களே" என்றார் அவர்.

அடுத்த தடவைக்கு ஈரப் பஞ்சு டப்பா ஒன்று ஏற்பாடாகியிருக்கிறது.

ஏப்ரல் 9, செவ்வாய்

என் தொண்டை சரியாகிவிட்டது. யாரும் என்னிடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மூலைக் கட்டிலுக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். நாற்பது வயது இருக்கும். லேத் பட்டறை வைத்திருக்கிறாராம். கையெல்லாம் இரும்புத் துகள் குத்திய வடு. நான்கு மணி நேரமும் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். அவர் மனைவி வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 13, சனி

லேத்காரர் இன்றும் சுவரைத்தான் பார்த்தார். கண்டக்டர் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். "சில்லறை இல்லேன்னு முகத்தைத் திருப்பிக்கற மாதிரி திருப்பிக்கறாரே" என்று என்னிடம் முணுமுணுத்தார். அக்கா, "விடுங்க. நானும் மூணு மாசம் சுவரைத்தான் பார்த்தேன்" என்றாள்.

இன்னும் ஒரு நாள் வாசிப்பு. முப்பத்தொரு பக்கம்.

ஏப்ரல் 15, திங்கள்

நாளை என்ன என்று கேட்கக் கூடாது. ஒப்பந்தம். கேட்கவில்லை. மூன்று தடவை அவள் அறைக்குப் போய், ஒன்று கண்ணாடி எடுக்க, ஒன்று ஜன்னலைச் சாத்த, ஒன்று சாத்திய ஜன்னலைத் திறக்க, திரும்பி வந்தேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

முடிந்தது.

கடைசி அத்தியாயத்தில் அதிசயம் எதுவும் நடக்கவில்லை. புருஷன் திரும்பி வரவில்லை, மேஸ்திரி திருந்தவில்லை. மழை கொஞ்சம் பெய்கிறது. பையன் நொண்டி நொண்டிப் பள்ளிக்கூடம் போகிறான். சுண்ணாம்புக்காரி சொந்தமாக ஒரு சல்லடை வாங்கிச் சுவரில் மாட்டுகிறாள். கடைசிப் பக்கத்தில் கதவு தட்டும் சத்தம். தெருவுக்குப் புதிதாக வந்த ஒருத்தி நிற்கிறாள். "சல்லடை இருக்குமா?" என்று கேட்கிறாள். இவள், "உள்ளே வா" என்கிறாள். அதோடு சரி.

கண்டக்டர் மூக்கை உறிஞ்சினார். தராசு சுவர்ப் பக்கம் திரும்பி ஏதோ எழுதுவதுபோல் நின்றாள். அக்கா புத்தகத்தை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். அந்தக் கையைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. வேலை முடிந்து ஹெட்போனைக் கழற்றி வைத்தபிறகு அப்படித்தான் வைப்பாள்.

ஒரு நிமிடம் இருக்கும். மூலையிலிருந்து ஒரு குரல்.

"அந்தச் சல்லடையில என்னங்க இருக்கு?"

லேத்காரர். சுவரைப் பார்த்தபடியேதான் கேட்டார். வந்த நாளிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு.

"ஒரு சல்லடை கேட்டதுக்கு ஏன் இப்படி எல்லாரும் அழறீங்க? எனக்குப் புரியல."

கண்டக்டர் விளக்க வாயைத் திறந்தார். அக்கா கையை நீட்டி அவரைத் தடுத்தாள்.

"அதைச் சொன்னாப் புரியாதுங்க. நீங்க பாதியில ஏறினவர்" என்றாள்.

"அப்ப முதல்லருந்து சொல்லுங்க."

நான்கு மணி நேரம் முடிந்து மெஷின் மணி அடித்தது. ஊசியை எடுத்தார்கள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். காரில் நான் கேட்கவில்லை. ஒப்பந்தம்.

ஏப்ரல் 17, புதன்

ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் முழுக்கத் தூங்கினாள்.

கேள்வி கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை.

ஏப்ரல் 18, வியாழன்

காலை ஆறு மணிக்குச் சமையலறையில் சத்தம் கேட்டது. போனேன். அக்கா மேஜையில் உட்கார்ந்து, நாவலின் முதல் சில தாள்களுக்கு ஓரத்தில் ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கத்தரிக்கோல்.

"இந்தக் கண்டக்டர் பலமாத் திருப்பறாரு. முன்பக்கம் எல்லாம் கழண்டு வருது" என்றாள்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னடி பார்க்கறே? அந்த லேத்துக்காரர் கேட்டார்ல. கேட்டவருக்குக் குடுக்காம எப்படி?" பிறகு கத்தரிக்கோலை என் பக்கம் தள்ளினாள். "இதை எடுத்து உள்ள வை. உன் கையில குடுக்கவே பயமா இருக்கு."

பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இது மறிப்பதில் சேராது என்று நினைக்கிறேன்.

வார்டில் முதல் பக்கத்திலிருந்து. கண்டக்டர், "பழைய பயணிகளுக்கு மறுபடி டிக்கெட் வேணாம்ல?" என்று கேட்டார்.

ஏப்ரல் 25, வியாழன்

டாக்டர் அக்காவிடம் நேராகவே கேட்டாராம், நிறுத்துவது பற்றி. "இப்ப இல்ல. அப்புறம் வேணும்னா சொல்றேன், அது என் உரிமைதானே?" என்றாளாம். என்னிடம் இதைச் சொன்னது தராசு. அக்கா சொல்லவில்லை.

கால் இழுப்பது நிற்கவில்லை. நேற்றெல்லாம் படுக்கையைவிட்டு எழவில்லை. களைப்பு களைப்புதான். அதையும் எழுதி வைக்க வேண்டும்.

ஏப்ரல் 28, ஞாயிறு

குழந்தையின் பெயரை இன்று நான் சொன்னேன். தோசைக்கல்லைத் தேடிக்கொண்டிருந்தவள் அப்படியே திரும்பிப் பார்த்தாள். "இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

சொன்னேன்.

மே 4, சனி

ஐம்பத்தைந்து கிலோ. தராசு கைதட்டினாள்.

இன்று எனக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை. அக்காவை வாசலில் இறக்கிவிட்டு மூன்று தெரு தள்ளிப் போய் நிறுத்திவிட்டு, அப்படியே மருந்துக் கடையிலும் நின்றுவிட்டு, வார்டுக்கு வரும்போது வாசிப்பு ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருந்தது. கதவருகே நின்றேன். லேத்காரர் சுவரைப் பார்க்கவில்லை. அவர் மனைவி நாற்காலியை உள்ளே கொண்டுவந்து போட்டிருக்கிறாள். பையைத் தரையில் வைத்திருக்கிறாள்.

அக்கா நிறுத்தினாள். பக்கம் 238 என்று எனக்குத் தெரியும். கண்டக்டரின் விரல் ஈரப் பஞ்சின் மேல் காத்திருந்தது.

"அடுத்தது கொஞ்சம் கஷ்டமா இருக்கும்" என்றாள் லேத்காரரிடம். "வாசிக்கவா, தாண்டிப் போயிடவா? நீங்க சொல்றதுதான்."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"சல்லடை அதுலதானே வருது?"

"அதுலதான்."

"வாசிங்கம்மா. நான் எங்க ஓடப் போறேன், கட்டிப் போட்டிருக்காங்க."

கண்டக்டர் பக்கத்தைத் திருப்பினார். அந்த நான்கு வாக்கியத்திலும் அக்காவின் குரல் கொஞ்சம் இறங்கியது. நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். சல்லடையைக் கேட்டாள். கதவுக்குப் பின்னால் தேடினார்கள், கூரைச் செருகலில் தேடினார்கள். மாமியார் கையால் துழாவி எடுத்துக் கொடுத்தாள்.

"ஓ" என்றார் லேத்காரர்.

அக்கா அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மேலே வாசித்தாள். இன்னும் ஆறு பக்கம் சலிக்க வேண்டியிருந்தது. நான் உள்ளே போய் உட்கார்ந்தேன்.